மூன்றாவது மார்கழியில் பதம் வந்த நெல்லிக்காய் லேகியம்

மாசி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அலமாரியில் இருக்கும் கண்ணாடி ஜாடியைத் தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மேலே வெள்ளைப் படலம் இல்லை. ஓரத்தில் நீர் விடவில்லை. கரண்டி இறங்குகிறது, வளையவில்லை. இந்த மூன்றும் ஒரே ஜாடியில் கூடி வர எனக்கு மூன்று மார்கழி ஆனது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது ஓசூரில். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போடப் போகும் என் மனைவி ஸ்வெட்டரும் குல்லாயும் இல்லாமல் போவதில்லை. மதியம் அதே வாசலில் வெயில் சுடும். ஆயுர்வேதத்தில் ஹேமந்த ருது என்று சொல்லும் முன்பனிப் பருவம் எங்களுக்கு விடியற்காலையில் மட்டும் வந்து போகும்.

அந்தப் பருவத்துக்குச் சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்லும் சாப்பாட்டு முறையைப் படித்ததில் இருந்துதான் இந்த வேலையே தொடங்கியது. குளிரில் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே அடங்கும். வயிற்றுத் தீ பலமாகும். அதற்குத் தகுந்த கனமான சாப்பாடு கிடைக்காவிட்டால் அது உடம்பின் சத்தையே தின்ன ஆரம்பிக்கும். அதனால் இனிப்பு, புளிப்பு, உப்பு, நெய், எண்ணெய், பால் பண்டம், வெல்லம், புது அரிசிச் சோறு, குடிக்க வெந்நீர். பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மார்கழி வெண்பொங்கலும் தைச் சர்க்கரைப் பொங்கலும் இதே பட்டியல்தானே. எங்கள் வீட்டில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது கனமான ஒரு லேகியம் மட்டும்தான். நெல்லிக்காய் வரத்து இருக்கும் காலம் வேறு. சரி, ச்யவனப்ராசம் என்கிற நெல்லிக்காய் லேகியத்தை நாமே கிண்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

மூல முறையில் 500 நெல்லிக்காய். மூலிகைகள் ஒவ்வொன்றும் ஒரு பலம். தண்ணீர் ஒரு துரோணம். (பலமும் துரோணமும் அந்தக் காலத்து அளவுகள்.) நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்து 12 பலம், சர்க்கரை 50 பலம், தேன் 6 பலம், மூங்கிலுப்பு 4 பலம், திப்பிலி 2 பலம். கடைசியில் லவங்கப்பட்டை, ஏலக்காய், இலவங்கப்பத்திரி, சிறுநாகப்பூ நான்கும் சேர்ந்து ஒரு பலம். நான் பத்தில் ஒரு பங்கு போடுவதென்று முடிவு செய்தேன். 50 காய். கணக்கு சுலபம் என்று நினைத்தேன்.

முதல் வருடம் உழவர் சந்தையில் பளபளவென்று பெரிய காயாகப் பொறுக்கி 50 எண்ணி வாங்கினேன். எடை 2 கிலோ 150 கிராம். மூலிகை வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனபோது, "ஐயா, ஒரு பலம்னா எத்தனை கிராம்?" என்று கேட்டேன். பெரியவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "முப்பத்தஞ்சு கிராம் தம்பி, இதுகூடத் தெரியாமலா மருந்து செய்யப் போறீங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சித்த மருத்துவத்தில் பலம் 35 கிராம்தான். நான் கையில் வைத்திருந்ததோ ஆயுர்வேத முறை. அதில் பலம் சுமார் 48 கிராம். இது எனக்குத் தெரிய வந்தது ஒரு வருடம் கழித்து.

ஆக, 2 கிலோவுக்கு மேற்பட்ட காய்க்கு நான் போட்ட சர்க்கரை 175 கிராம். நெய்யும் எண்ணெயும் சேர்த்து 42 கிராம். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் காகிதத்தில் பெருக்கல் சரியாக வந்ததால் சந்தேகமே வரவில்லை.

மற்ற தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். வெந்த காயைக் கொட்டை எடுத்து மிக்ஸியில் போட்டு அரைத்தேன். நெல்லியின் நார் மசியவில்லை, பொடிப்பொடியாகி விழுது முழுக்கப் பரவிவிட்டது. கிண்டியது இரும்பு வாணலியில். நெல்லிக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தலைக்கு மை காய்ச்சும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். லேகியம் கரிக்கட்டை நிறத்தில் வந்தது, நாக்கில் ஆணி வாடை. 42 கிராம் நெய்யில் அவ்வளவு விழுது வதங்குமா? பதினைந்து நிமிடம் கிளறிவிட்டு, வதங்கிவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் மேலே பூஞ்சை. மொத்தமும் தென்னை மரத்தடிக்குப் போனது. செலவு 700 ரூபாய்க்கு மேல்.

இரண்டாம் வருடம் ஊரில் இருக்கும் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் கணக்கைக் காட்டினேன். 48 கிராம் விஷயம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெரிய காய்க்கு அந்தச் சர்க்கரையும் போதாது, விழுதின் எடைக்குச் சமமாகப் போடுங்கள் என்றும் சொன்னார். அதே சந்தைக் காய் ஒரு கிலோ. விழுது 780 கிராம். நாட்டுச் சர்க்கரை 800 கிராம். வாணலியை மாற்றி அடிகனமான எவர்சில்வர் குண்டா. எல்லாம் ஒழுங்காகப் போனது, போன் வரும்வரை. பேசிவிட்டு வந்து பார்த்தால் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டி முறுக ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் கஷாயம் ஊற்றி இளக்கியிருக்கலாம். அவசரத்தில் விழுதைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்கத் தேனையும் ஊற்றினேன். ஆறியபின் சேர்க்கச் சொல்லியிருப்பதைப் பத்து தடவை படித்திருப்பேன், அப்படியும்.

மூன்றாம் நாள் ஜாடிக்குள் கல். ஒரு ஸ்பூன் வளைந்தது, அடுத்தது உடைந்தது. ஜாடியை வெந்நீரில் நிற்க வைத்துச் சுரண்டி, சின்னச் சின்னக் கட்டியாக எடுத்துப் பாலில் கரைத்துக் குடித்தோம். பூஞ்சை பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். "ஏங்க, இதை மிட்டாய்னு சொல்லி வித்துடலாமே" என்றாள் மனைவி. அந்த வருடம் இன்னொரு குளறுபடியும் உண்டு. இலவங்கப்பத்திரி என்று கேட்காமல் வெறுமனே பத்திரி என்று கேட்டு, தாளிசபத்திரியை வாங்கி வந்து பொடித்துப் போட்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு மரம். பெயரில் பாதி ஒத்துப்போனால் நாட்டு மருந்துக் கடையில் என்ன வேண்டுமானாலும் கைக்கு வரும். அரிசித் திப்பிலியும் கண்டந்திப்பிலியும் இப்படித்தான்: ஒன்று காய், இன்னொன்று வேர். லேகியத்துக்குக் காய்.

இந்த வருடம் கார்த்திகையில் வேறு வேலையாகத் தேன்கனிக்கோட்டை போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா சாக்கை விரித்துக் காட்டு நெல்லியைக் கூறு கட்டி வைத்திருந்தார். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த காய் என்றார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. கூறு 20 ரூபாய், ஒரு கூறில் இருபது காய். கையில் ஐந்தை அள்ளிப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. 500 காய் என்று எண்ணிக்கையில் சொன்னவர்கள் எடுத்தது இதைத்தான் இருக்க வேண்டும். சந்தையில் நான் வாங்கியது ஒட்டுக்காய், ஒன்று 43 கிராம். இது வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது சராசரி 12 கிராம். முறையில் காய்க்கு மட்டும் எண்ணிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் எடை. காய் மூன்றரை மடங்கு பெருத்துவிட்டது, சர்க்கரை அப்படியே நின்றுவிட்டது. முதல் வருடத்துப் பூஞ்சைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி பலக் கணக்கு. எட்டுக் கூறு வாங்கினேன், 160 ரூபாய். "இவ்வளவு எதுக்குப்பா, ஊறுகாயா?" என்று கேட்டார். லேகியம் என்றேன். அடிபட்ட காய் ஏழெட்டை அவரே பொறுக்கிப் போட்டுவிட்டு நல்லதாக மாற்றிக் கொடுத்தார்.

வேண்டியது 150 காய். எடை 1 கிலோ 800. மூலத்தில் பத்தில் மூன்று பங்கு என்பதால் மூலிகை ஒவ்வொன்றும் 14 கிராம், தண்ணீர் 3.7 லிட்டர், சர்க்கரை 720 கிராம், நெய் 86, நல்லெண்ணெய் 86, தேன் 86, திப்பிலி 29. பட்டை, ஏலம், பத்திரி, சிறுநாகப்பூ நான்கும் சேர்த்து 14. ஒரு கிராம் வரை காட்டும் தராசு 450 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வருடமே வாங்கியிருக்க வேண்டிய பொருள்.

மூலிகைப் பட்டியல் நீளம். தசமூலம் என்ற பத்து வேர்களையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். அது போக சீந்தில் தண்டு, கடுக்காய், கோரைக்கிழங்கு, மூக்கிரட்டை வேர், கீழாநெல்லி, ஆடாதொடை வேர், கற்கடகசிங்கி, உலர்ந்த திராட்சை, சந்தனம், அகில் என்று போகும். ஜீவகம், ரிஷபகம், மேதை, காகோலி போன்ற இமயமலைச் சரக்குகளை இங்கே கேட்டால் பெரியவர் சிரிக்கிறார். அவற்றுக்குப் பதிலாக தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, பால்முதுக்கன் கிழங்கு போடுவது வைத்தியர்களிடமே வழக்கம். நானும் அப்படியே போட்டேன். மூங்கிலுப்பு நல்லதாகக் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். கூவைக்கிழங்கு மாவு 58 கிராம் போட்டுக்கொண்டேன். எல்லாச் சரக்கும் சேர்ந்து 420 ரூபாய்.

முதல் நாள் இரவு வேர்களை இரும்பு உரலில் ஒன்றிரண்டாக இடித்து, 3.7 லிட்டர் தண்ணீரில் ஊறப் போட்டேன். பொடிக்கக் கூடாது, பொடித்தால் கஷாயம் வடிகட்டவே முடியாமல் சேறாகிவிடும். காலையில் குண்டாவை ஏற்றி, கழுவிய நெல்லிக்காய்களை வெள்ளை வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, அந்தக் கஷாயத்துக்குள்ளேயே தொங்கவிட்டேன். மூட்டை அடியைத் தொடக் கூடாது என்பதற்காக மேலே ஒரு மத்தைக் குறுக்கே வைத்துக் கட்டினேன். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கொதி வந்து நாற்பது நிமிடத்தில் காய் சுளை சுளையாகப் பிளந்து கொடுத்தது. மூட்டையை எடுத்துவிட்டு, கஷாயத்தைத் தொடர்ந்து சிறு தீயில் சுண்ட விட்டேன். மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் வடிகட்டியது ஒரு லிட்டர்.

அதற்குள் கொட்டை எடுக்கும் வேலை. காட்டுக் காயில் கொட்டை பெரிசு, சதை ஒட்டிக்கொண்டே வரும். 150 காய்க்கு ஒன்றே கால் மணி நேரம். பிறகு நார். மாவு சல்லடையில் ஒன்றும் இறங்கவில்லை. ரவை சல்லடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உள்ளங்கையால் தேய்த்தபோது நார் மேலேயே தங்கி, விழுது வெண்ணெய் மாதிரி கீழே விழுந்தது. சல்லடைக் கம்பி இரண்டு இடத்தில் விட்டுப்போனது. விழுது 1 கிலோ 240.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் காய்ந்ததும் விழுதைப் போட்டு, மிகச் சிறிய தீயில் மரக்கரண்டியால் கிளற ஆரம்பித்தேன். முதல் இருபது நிமிடம் நெய்யெல்லாம் உள்ளே போய் மாயமாகிவிடும். விழுது தளதளவென்று கிடக்கும், இடையிடையே எரிமலை போல் குமிழ் வெடித்து மணிக்கட்டில் தெறிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முப்பதாவது நிமிடத்தில் பச்சை வாடை போனது. நாற்பதில் பழுப்பு ஏறியது. ஐம்பத்தைந்தில், கரண்டி போன தடத்தில் நெய் கசிந்து மினுங்கியது, விழுது பாத்திரத்தை விட்டு ஒரே உருண்டையாகச் சுழன்றது. முதல் வருடம் பதினைந்து நிமிடத்தில் நிறுத்தியதை நினைத்துக்கொண்டேன். அந்த விழுதில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும்!

வதக்கியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே குண்டாவில் ஒரு லிட்டர் கஷாயமும் 720 கிராம் நாட்டுச் சர்க்கரையும். கரைந்ததும் ஒருமுறை வடிகட்ட வேண்டும்; நாட்டுச் சர்க்கரையில் மண் இருக்கும். இந்த முறை போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். விரலில் தொட்டுப் பிரித்தால் ஒற்றைக் கம்பி வரும் நேரத்தில் விழுதைச் சேர்த்துக் கிளறினேன்.

எப்போது இறக்குவது என்பதற்குப் பழைய நூல்களில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: இழுத்தால் கம்பி வரணும், தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் போய் உட்காரணும், விரலால் அழுத்தினால் ரேகை பதியணும். ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி. முதல் துளி உடனே கலங்கியது. மூன்றாவது பாதி வழியில் உடைந்தது. ஐந்தாவது அப்படியே இறங்கி உட்கார்ந்தது. அடுப்பை அணைத்தேன். தொட்டுப் பார்த்தால் சூட்டில் இளகலாகத்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் கிண்டலாமா என்று கை துறுதுறுக்கும். கிண்டக் கூடாது. போன வருடத்துக் கல் அந்தத் துறுதுறுப்பில் பிறந்ததுதான்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது பொடிகளைச் சலித்துத் தூவிக் கலந்தேன். தேன் மறுநாள் காலையில், முழுக்க ஆறியபின். ஜாடியில் அடைத்தது 1 கிலோ 680 கிராம். நிறம் முற்றிய புளியின் பழுப்பு.

மொத்தச் செலவு: நெல்லி 160, சரக்கு 420, சர்க்கரை 54, நெய் 65, நல்லெண்ணெய் 35, தேன் 43, கூவை மாவு 30, திப்பிலி 35, வாசனைச் சாமான் 60. ஆக 902 ரூபாய். கேஸ், தராசு, உடைந்த சல்லடை சேர்க்கவில்லை. கடையில் வாங்கினால் இதைவிட மலிவாகவே கிடைக்கும். மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை இல்லை இது.

மார்கழி 1 முதல் ஒரு மண்டலம், நானும் மனைவியும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், சுமார் 10 கிராம், பின்னாலேயே இளஞ்சூடான பால். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தரவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "திப்பிலி தூக்கல்டா" என்றார், சரியாகவே. மகளுக்குப் பதினொரு வயது. முதல் நாளே காரம் என்று துப்பிவிட்டாள். அப்புறம் சப்பாத்தியில் தடவிக் கொடுத்தால் சாப்பிட்டாள். சளி பிடிக்கவே இல்லை என்றெல்லாம் எழுதமாட்டேன்; எனக்குத் தை முதல் வாரத்தில் பிடித்தது. காலையில் எட்டு மணிக்கே நன்றாகப் பசித்தது, அதுவரைதான் என்னால் சொல்ல முடியும்.

சாப்பாட்டு முறையில் செய்த ஒரு தப்பு: பட்டியலில் இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் ஏற்றியது. முதல் ஞாயிற்றுக்கிழமை லேகியம், பால், அதன் மேல் கருப்பு உளுந்தங்களி. கால் கிலோ மாவுக்கு 200 கிராம் கருப்பட்டி, குழிக்குள் நல்லெண்ணெய். மதியம் எள்ளுருண்டை வேறு. மாலை வரை வயிறு கல்லாகக் கிடந்தது. ஹேமந்தத்தில் தீ பலம் என்று எழுதியவர் காலையில் நடுங்கி மதியம் வியர்க்கும் ஊரை மனதில் வைத்து எழுதியிருக்கமாட்டார். பிறகு களி வாரம் ஒருநாள் மட்டும், அன்றைக்கு லேகியம் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். குடிக்க வெந்நீர் மட்டும் தினமும். அதில் எந்தச் சிக்கலும் வரவில்லை.

அடுத்த கார்த்திகைக்கு மாற்றப் போவதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். திப்பிலி 29 கிராமிலிருந்து 20. நார் எடுக்கக் கனமான எவர்சில்வர் சல்லடை. கொட்டை எடுக்க இன்னும் இரண்டு கை. நாட்டுச் சர்க்கரையை முந்தைய நாளே கரைத்து வடிகட்டித் தெளிய வைப்பது. வெள்ளீயம் பூசிய பித்தளை உருளி மாமியார் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஈயம் போன இடம் இருந்தால் பூசிய பிறகே எடுக்க வேண்டும், இந்தப் புளிப்புக்கு வெறும் பித்தளை ஆகாது. தேன்கனிக்கோட்டை அம்மாவிடம் பத்துக் கூறு முன்கூட்டியே சொல்லி வைப்பது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரு சின்ன டப்பாவில் லேகியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிவிட்டு, "கொட்டையை என்னப்பா பண்ணின?" என்று கேட்டார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த முறை கொட்டையை அவருக்கே கொண்டுவந்து தர வேண்டுமாம்.